தள்ளிப்போனது மாதவிடாயா, கருமுட்டையா?

“நாள் தள்ளிப்போயிருக்கிறது” என்று ஒரு பெண் சொன்னால் கேட்பவர் மனதில் எழுவது ஒரே கேள்விதான். தமிழில் அந்தத் தொடருக்கே கர்ப்பம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். ஆனால் கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகும் மாதவிடாய் வராமல் நாள்கள் நகரும்போது, அடுத்து என்ன கேட்பது என்று பலருக்கும் தெரிவதில்லை. ‘டென்ஷன்’, ‘ரத்தம் குறைவு’, ‘நீர்க்கட்டி’ என்று கைக்கு அகப்பட்ட காரணத்தைச் சொல்லிக்கொண்டு காத்திருக்கிறோம்.

காரணங்களுக்குப் போகும் முன் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் நாள் என்பது ரத்தப்போக்கு தொடங்கும் நாள். அது நிற்கும் நாள் அன்று. உள்ளாடையில் படும் ஓரிரு சொட்டுக் கறையும் கணக்கில் வராது. நாப்கின் தேவைப்படும் அளவுக்குப் போக்கு தொடங்கும் நாளே முதல் நாள். அங்கிருந்து அடுத்த முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை ஒரு சுழற்சி. நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அப்படி எண்ணினால் ஐந்தாறு நாள் கணக்கிலேயே காணாமல் போகும்.

அடுத்து அந்த 28. பாடப்புத்தகம், மாத்திரை அட்டை, கைபேசிச் செயலி என எங்கும் அதே எண் நிற்பதால், 29ஆம் நாள் விடிந்ததுமே கவலை தொடங்கிவிடுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை எடுத்துப் பார்த்தது. சராசரி 29.3 நாள், சரியாக 28 நாளில் முடிந்தவை நூற்றுக்குச் சுமார் 13 மட்டுமே. வயதுவந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாள் வரை இயல்பு என்பது இன்று மகப்பேறு மருத்துவர்கள் பரவலாக ஏற்கும் அளவு. ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் ஒரு வாரம் போல முன்பின் ஆகலாம். போன முறை 27, அதற்கு முன் 32, இம்முறை 34 என்றால் அவர் உடல் கெட்டுவிடவில்லை. அவருடைய இயல்பே அப்படி. செயலி “தாமதம்” என்று சிவப்பில் காட்டுவது பழைய சராசரியை வைத்துப் போட்ட ஊகம். உங்கள் சினைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

உள்ளே நடப்பது

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக வெளியிடுகிறது. அந்தத் துடிப்பைக் கேட்டு, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்குச் செய்தி அனுப்புகிறது. சினைப்பையில் முட்டையைச் சுமந்திருக்கும் நுண்பைகளில் ஒன்று வளர்ந்து முந்துகிறது. வளரும்போதே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதனால் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. ஒரு கட்டத்தில் நுண்பை வெடித்து முட்டை வெளியேறுகிறது. வெடித்த கூடு வீணாவதில்லை. அது மஞ்சள் நிறத் தற்காலிகச் சுரப்பியாக மாறி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு வாரம். கரு தங்காவிட்டால் சுரப்பி சுருங்கும், புரோஜெஸ்டிரோன் சரியும், தாங்குவதற்கு ஆளில்லாத உட்சுவர் உதிரும். அந்த உதிர்வுதான் மாதவிடாய்.

முட்டை வெளியேறிய பின் வரும் இந்த இரண்டாம் பாதி ஒரு பெண்ணுக்குப் பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 14 நாள்தான். நீள்வதும் குறுகுவதும் முதல் பாதி. ஒருவருக்கு வழக்கமாக 14ஆம் நாள் முட்டை வெளியேறி, 28ஆம் நாளோடு சுழற்சி முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இம்முறை முட்டை 24ஆம் நாள்தான் வெளியேறுகிறது. சுழற்சி 38 நாளாக நீள்கிறது. அவர் பார்வையில் மாதவிடாய் பத்து நாள் தாமதம். உடலின் பார்வையிலோ, முட்டை தாமதமானது. மாதவிடாய் அதன் கணக்குப்படி சரியாகவே வந்திருக்கிறது.

இதை உள்வாங்கிக்கொண்டால் காரணம் தேடும் இடமே மாறிவிடும். மாதவிடாய் வரவேண்டிய வாரத்தில் நடந்த சண்டையையோ தேர்வையோ பெரும்பாலும் குற்றம் சொல்ல முடியாது. முட்டை வெளியேறிவிட்டால் பிறகு கடிகாரம் ஓடத்தான் செய்யும். தேட வேண்டியது மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பு. அப்போது காய்ச்சலில் கிடந்தீர்களா, தூக்கமின்றி அலைந்தீர்களா, சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தீர்களா என்று யோசித்தால் விடை அங்கே கிடைக்கலாம்.

சில மாதங்களில் முட்டை வெளியேறுவதே இல்லை. ஒரு நுண்பை வளர்ந்து பாதியில் சோர்ந்துவிடுகிறது, பிறகு இன்னொன்று முயல்கிறது. இதற்கிடையே ஈஸ்ட்ரோஜன் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும்; நிறுத்தச் சொல்லும் புரோஜெஸ்டிரோன் வராது. கடைசியில் சுவர் தன் கனம் தாங்காமல் உதிரும்போது போக்கு அதிகமாகவும் நீண்டும் இருக்கும். இதைப் பார்த்துத்தான், வராத ரத்தமெல்லாம் உள்ளே சேர்ந்து கிடந்தது என்ற எண்ணம் பிறந்திருக்க வேண்டும். அப்படி மாதக்கணக்கில் ரத்தம் தேங்கி நிற்பதில்லை. பாதை அடைபட்ட அரிதான நிலைகள் மட்டுமே விதிவிலக்கு.

முதல் கேள்வி முதலில்

கரு தங்கினால் அது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கும். இன்னும் சில வாரம் வேலை செய் என்று மஞ்சள் சுரப்பியிடம் சொல்வது அதுதான். புரோஜெஸ்டிரோன் சரியாது, சுவர் உதிராது. வீட்டில் செய்யும் சிறுநீர்ச் சோதனை தேடுவதும் இந்த ஹார்மோனைத்தான். மாதவிடாய் வரவேண்டிய நாளிலிருந்து அந்தச் சோதனையை நம்பலாம்; காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் நல்லது.

ஆனால் மேலே சொன்ன கணக்கு இங்கே ஒரு பொறி வைக்கிறது. முட்டையே தாமதமாக வெளியேறிய மாதத்தில், மாதவிடாய் ‘வரவேண்டிய நாள்’ என்று நீங்கள் நினைப்பது உண்மையில் மிக முன்கூட்டிய நாள். கரு தங்கியிருந்தாலும் சோதனை ‘இல்லை’ என்று காட்டலாம். அதனால் ஒருமுறை எதிர்மறையாக வந்ததும் மனதை மூடிவிட வேண்டாம்; ஒரு வாரம் கழித்தும் மாதவிடாய் வராவிட்டால் மறுபடி பாருங்கள். சுழற்சி ஒழுங்கற்றவர்களுக்கு எளிய விதி ஒன்று உண்டு: கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவுகொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்த சோதனை நம்பத்தக்கது.

கருத்தடை சாதனம் பயன்படுத்தினாலும் சோதனை செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த முறையும் நூற்றுக்கு நூறு அல்ல. லேசாக ரத்தம் பட்டது, எனவே கர்ப்பம் இல்லை என்பதும் சரியான முடிவல்ல. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் சிலருக்கு அப்படிக் கறை படுவதுண்டு. நாள் தள்ளியபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், ரத்தக்கசிவு ஆகியவை தெரிந்தால் மட்டும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூளை தயங்கும்போது

‘டென்ஷன்தான் காரணம்’ என்று எதற்கெடுத்தாலும் சொல்லப்படுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அதில் உண்மை இல்லாததால் அல்ல. அந்த உண்மையைச் சரியாகச் சொல்லாததால். ஹைப்போதலாமஸ் ஒரு கணக்காளரைப் போல. ஒரு கருவைச் சுமக்கும் அளவுக்கு இந்த உடலில் ஆற்றல் மிச்சம் இருக்கிறதா, சூழல் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் கையிருப்பைச் சொல்கிறது. இதைக் கண்டறிந்ததே 1994இல்தான். கையிருப்பு குறைந்தாலோ, மன அழுத்த ஹார்மோன்கள் நீண்ட நாள் உயர்ந்திருந்தாலோ, அந்த ஒன்றரை மணி நேரத் துடிப்பு மந்தமாகிறது. முட்டை தாமதமாகிறது, அல்லது அந்த மாதம் வேண்டாம் என்று விடப்படுகிறது.

எனவே ஒரு நாள் கோபம் காரணமாகாது. வாரக்கணக்கில் நீடிக்கும் துயரம், பதற்றம், வேகமான எடைக்குறைப்பு, உண்பதைவிட அதிகமாகச் செலவழிக்கும் உடற்பயிற்சி ஆகியவை காரணமாகலாம். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கும் நடனக் கலைஞர்களுக்கும் இது நன்கு தெரிந்த சிக்கல். எடை சரியாக இருப்பவருக்கும் வரலாம் என்பதுதான் பலர் அறியாதது; தராசு காட்டுவது எடையை, மூளை பார்ப்பது வரவுசெலவை. ‘மாதாமாதம் தொல்லை இல்லை, நல்லதுதான்’ என்று இதை வரவேற்பவர்களும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மாதக்கணக்கில் குறைந்தே இருந்தால் எலும்பின் அடர்த்தி குறையும். இளம் வயதில் சேர்க்க வேண்டிய எலும்பைப் பின்னாளில் முழுதாக மீட்பது கடினம்.

கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, நெடும் பயணம், இரவு வேலைக்கு மாறுவது எல்லாம் இதே வழியில் ஒரு மாதத்தைக் கலைக்கும். அடுத்த மாதம் பெரும்பாலும் சரியாகிவிடும்.

‘நீர்க்கட்டி’ என்ற பெயர் செய்த குழப்பம்

மாதவிடாய் ஒருமுறை தள்ளிப்போவது வேறு, ஆண்டுக்கு ஐந்தாறு முறை மட்டுமே வருவது வேறு. இரண்டாவது வகைக்கு மிகப் பொதுவான காரணம் பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்). இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. 1935இல் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். சினைப்பையில் நிறையச் சிறு பைகள் தெரிந்ததால் நீர்க்கட்டி என்ற பொருளில் பெயர் அமைந்து, அதுவே நிலைத்துவிட்டது.

உண்மையில் அவை கட்டிகள் அல்ல. வளரத் தொடங்கி, முந்த முடியாமல் நின்றுபோன நுண்பைகள். வெட்டி எடுக்க வேண்டியவையும் அல்ல, ‘கரைக்க’ வேண்டியவையும் அல்ல. சிக்கலின் வேர் ஹார்மோன் சமநிலையில் இருக்கிறது: ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் இங்கே சற்றுக் கூடுகின்றன, பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடல் அதை அதிகமாகச் சுரக்கிறது, அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை இன்னும் ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. முகத்தில், மார்பில், வயிற்றில் முடி வளர்வதும் முகப்பரு விடாமல் இருப்பதும் தலைமுடி மெலிவதும் அதன் தடயங்கள்.

ஸ்கேனில் நுண்பைகள் தெரிவதால் மட்டும் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லிவிட முடியாது. சுழற்சி ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, சினைப்பையின் தோற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வேறு காரணங்கள் இல்லை என்றும் உறுதியாக வேண்டும். இளம்பெண்களின் சினைப்பையில் நிறைய நுண்பைகள் தெரிவது இயல்பு என்பதால், முதல் மாதவிடாய் வந்து எட்டு ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவுகட்ட வேண்டாம் என்கின்றன பன்னாட்டு வழிகாட்டுதல்கள். பதினாறு வயதுப் பெண்ணின் கையில் ஒரு ஸ்கேன் தாளைக் கொடுத்து அவளை வாழ்நாள் நோயாளி ஆக்கிவிடுவது எவ்வளவு எளிதாக நடக்கிறது என்று பார்க்கும்போது, இந்த எச்சரிக்கை உரக்கச் சொல்லப்பட வேண்டியது என்றே நினைக்கிறேன்.

எடை கூடியவர்களுக்கு மட்டுமே இது வரும் என்பதும் தவறு, மெலிந்தவர்களுக்கும் உண்டு. எடை கூடியிருந்தால் அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சிலருக்கு முட்டை மறுபடி வெளியேறத் தொடங்குகிறது. கவனிக்காமல் விடக் கூடாத காரணம் ஒன்றும் உண்டு: ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஆண்டுக்கணக்கில் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டிருந்தால் பின்னாளில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போக்கு வரட்டும் என்று மருத்துவர்கள் மருந்து தருவது இதற்காகத்தான்.

மற்ற கைகள்

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கூடினாலும் சுழற்சி கலையும். சோர்வு, குளிர் தாங்காமை, எடை ஏற்றம், அல்லது அதற்கு நேர்மாறாகப் படபடப்பு, எடை இழப்பு ஆகியவை உடன் இருக்கலாம். எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சிகிச்சை எடுத்தால் சுழற்சி பெரும்பாலும் திரும்பிவிடும்.

புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன். அது உயர்ந்தால் மூளையின் துடிப்பு அடங்கும். தாய்ப்பால் கொடுக்கும்போது மாதவிடாய் வராமல் இருப்பது இதனால்தான், அது நோயல்ல. ஆனால் முதல் மாதவிடாய் வரும் முன்பே முட்டை வெளியேறிவிடலாம் என்பதை மறக்க வேண்டாம். ‘இன்னும் வரவே இல்லையே’ என்று இருப்பவர் மறுபடி கருத்தரிப்பது அப்படித்தான். குழந்தைக்குப் பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தால், கூடவே தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால், பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கலாம். அது பெரும்பாலும் புற்றுநோயல்ல. மாத்திரையிலேயே கட்டுப்படுவதுதான் வழக்கம். வாந்திக்குத் தரப்படும் டாம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் புரோலாக்டினை உயர்த்தும். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்தவரிடம் கேட்க வேண்டும்.

கருத்தடை முறைகளில், மூன்று மாத ஊசிக்குப் பிறகு சுழற்சி திரும்ப ஓராண்டுகூட ஆகலாம். ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் பொருத்தியவர்களில் பலருக்கு மாதவிடாய் மிகவும் குறையும், சிலருக்கு நின்றேவிடும்; சாதனம் சரியாக வேலை செய்கிறது என்பதைத் தவிர அதில் வேறு பொருளில்லை. அவசரக் கருத்தடை மாத்திரை முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போட்டுத்தான் கர்ப்பத்தைத் தடுக்கிறது, ஆகவே அந்த மாதம் சில நாள் முன்பின் ஆவது எதிர்பார்க்கக்கூடியதே. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பச் சோதனை செய்ய வேண்டும்.

‘மாதவிடாயை வரவைக்கும் மாத்திரை’ என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதைப் பற்றி ஒரு சொல். அது புரோஜெஸ்டிரோன் வகை. சில நாள் சாப்பிட்டு நிறுத்தினால், ஏற்கெனவே தடித்திருக்கும் சுவர் உதிரும். முட்டை ஏன் வெளியேறவில்லை என்ற கேள்வி அங்கேயே நிற்கும். கர்ப்பச் சோதனை செய்யாமல் அதைத் தொடவே கூடாது.

வயதின் இரு கரைகளிலும் சுழற்சி தடுமாறுவது இயல்பு. முதல் மாதவிடாய் வந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை மூளையும் சினைப்பையும் பேசிப் பழகிக்கொண்டிருக்கும்; 45 நாள் இடைவெளிகூட அப்போது இயல்பாகலாம். ஆனால் எந்த வயதிலும் 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் பார்க்க வேண்டும். 15 வயது நிறைந்தும் முதல் மாதவிடாயே வராத பெண்ணையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மறு கரையில், நாற்பதுகளில் சுழற்சிகள் ஒன்றுக்கொன்று ஏழு நாளும் அதற்கு மேலும் வேறுபடத் தொடங்கி, பிறகு இரண்டு மாதம்கூட இடைவெளி விடும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டதாகப் பொருள். அதுவரை கர்ப்பத்துக்கும் வாய்ப்பு உண்டு. நாற்பதுக்கு முன்பே வெப்ப அலைகளும் இரவு வியர்வையும் சேர்ந்துகொண்டு மாதவிடாய் மறைந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

மூளையும் சினைப்பையும் ஒழுங்காக இருந்து, கருப்பைச் சுவரில் தழும்பு விழுந்திருப்பதால் போக்கு வராமலிருப்பது அரிது. கருப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சைக்குப் பிறகு மாதவிடாய் குறைந்தாலோ நின்றாலோ அந்த விவரத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

எப்போது போவது, என்ன நடக்கும்

ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மாதம் வராவிட்டால் போக வேண்டும். மேலே சொன்ன முடி வளர்ச்சி, பால் கசிவு, தலைவலி, வேகமான எடை மாற்றம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். கருத்தரிக்க முயல்பவர்களும் அப்படியே. மற்றபடி, கர்ப்பச் சோதனை இரண்டு முறை எதிர்மறையாக வந்து, வலியோ வேறு குறியோ இல்லாமல் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போனால், அடுத்த சுழற்சி வரை பார்த்திருப்பதில் தவறில்லை.

மருத்துவர் முதலில் கர்ப்பச் சோதனையைத்தான் செய்வார். நீங்கள் வாய்ப்பே இல்லை என்று சொன்னாலும் செய்வார். அது உங்கள் மீதான சந்தேகமல்ல. மற்ற எல்லாச் சோதனைகளும் சிகிச்சைகளும் அதன் விடையைப் பொறுத்தே அமைகின்றன. பிறகு தைராய்டு, புரோலாக்டின், பிட்யூட்டரி அனுப்பும் செய்தியின் அளவு, தேவைப்பட்டால் ஆண்ட்ரோஜன் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார்கள், சிலருக்கு ஸ்கேன். உங்கள் பக்கம் இருந்து அவருக்குத் தேவைப்படுவது இரண்டு தாள்கள்: கடைசி ஆறு மாதத்தின் முதல் நாள் தேதிகள் ஒன்றில், நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளும் இன்னொன்றில். தேதி மறந்துவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். ‘நினைவில்லை’ என்று எழுதுங்கள். தவறான தேதியைவிட அது அவருக்கு உதவும்.